எரிப்பதா? எருவாக்குவதா? – இலைக்குப்பையின் வரலாறு

முன்னுரை

"குப்பை" என்றதும் இன்று எல்லோருக்கும் வேண்டாத பொருள்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் பழந்தமிழில் இந்தச் சொல்லுக்குக் குவியல் என்பதே பொருள். குவித்து வைத்த நெல்லையும் உப்பையும்கூடச் சங்கப் புலவர்கள் குப்பை என்றே சொன்னார்கள். மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் கோடைக்காலத்தில் ஒரு சம்சாரி "குப்பை அடிக்கப் போகிறேன்" என்று சொன்னால், அவர் தெருப் பெருக்கப் போகிறார் என்று அர்த்தமில்லை. ஒரு வருடமாகக் குழியில் சேர்ந்த எருவை வண்டியில் ஏற்றிக் காட்டுக்குக் கொண்டு போகிறார் என்று அர்த்தம். காடு என்பது இங்கே புஞ்சை நிலம்.

அப்படிச் செல்வமாக இருந்த குப்பை, நகரத்தில் தீக்குச்சி உரசித் தொலைக்க வேண்டிய தொல்லையாக எப்படி மாறியது? எரிக்கக்கூடாது என்று சட்டம் வந்த பிறகு அந்த இலையும் சருகும் எங்கே போகின்றன? இந்தக் கேள்விகளுக்கு விடை தேடினால் இந்தூர், லாஸ் ஏஞ்சல்ஸ், டெல்லி என்று பல ஊர்களைச் சுற்றி வர வேண்டியிருக்கிறது. ஆனால் விடையின் முக்கியமான பகுதி மதுரை மாவட்டத்தில் டி. கல்லுப்பட்டி என்ற சின்ன ஊரில் இருக்கிறது!

குப்பைக்குழி இருந்த காலம்

திருமங்கலத்திலிருந்து ராஜபாளையம் போகும் சாலையில் இருக்கிறது டி. கல்லுப்பட்டி. சுற்றிலும் கரிசல் பூமி. பருத்தி, சோளம், கம்பு என்று வானத்தை நம்பி வெள்ளாமை செய்த வட்டாரம். இந்தப் பக்கத்து ஊர்களில் வீட்டுக் கொல்லையிலோ ஊர் ஓரத்திலோ குடும்பத்துக்கு ஒரு குப்பைக்குழி இருக்கும். வாசல் பெருக்கிய வேப்பஞ்சருகு, மாடு தின்று மிச்சம் வைத்த சோளத்தட்டை, அடுப்புச் சாம்பல், சாணம் எல்லாம் அதில்தான் விழும். கோடை உழவுக்கு முன்னால் அது நிலத்துக்குப் போகும். பருத்தி மார் அடுப்பெரிக்கப் போய்விடும்.

நஞ்சை ஊர்களில் கொளுஞ்சி, ஆவாரை, எருக்கு, புங்கந்தழை, வேப்பந்தழை ஆகியவற்றை வெட்டி வந்து சேற்றில் மிதித்து விடுவார்கள். இதற்குத் தழையுரம் என்று பெயர். உழவைப் பற்றிய அதிகாரத்தில் வள்ளுவரே ஏர் ஓட்டுவதைவிட எரு இடுவதை உயர்த்திச் சொல்லியிருக்கிறார் என்றால், இந்த அறிவு எவ்வளவு பழையது என்று புரிந்துகொள்ளலாம்.

அதற்காக அந்தக் காலத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்தது என்று சொல்லிவிட முடியாது. திறந்த குழியில் ஈ மொய்க்கும். மழை பெய்தால் சத்தெல்லாம் கரைந்து ஓடிவிடும். பாதி மக்கியும் மக்காமலும் எரு நிலத்துக்குப் போகும். சாணத்தில் பெரும்பகுதி வறட்டியாகி அடுப்பில் எரிந்தது. குறைகள் இருந்தாலும் ஒரு விஷயம் சரியாக இருந்தது. இலை விழுந்த இடத்துக்கும் அது எருவாகிப் போய்ச் சேரும் இடத்துக்கும் இடையே தூரம் குறைவு. ஒரு கூடையும் ஒரு மாட்டுவண்டியும் போதும்.

இந்தூரில் நடந்த சோதனை

கிராமத்துக் குப்பைக்குழியை அறிவியல் முறையாக மாற்றியவர்களில் முக்கியமானவர் ஆல்பர்ட் ஹோவர்ட். 1905-ல் இங்கிலாந்திலிருந்து பீகாரில் உள்ள பூசா ஆராய்ச்சி நிலையத்துக்குத் தாவரவியல் அறிஞராக வந்தார். இந்திய விவசாயிகளுக்குப் பாடம் சொல்ல வந்தவர், அவர்களிடமே பாடம் படித்தார். 1924 முதல் 1931 வரை இந்தூரில் இருந்தபோது யஷ்வந்த் வாட் என்பவருடன் சேர்ந்து மட்கு உரம் தயாரிக்கும் முறையை உருவாக்கினார். சீன விவசாயிகளின் பழக்கங்களைப் பற்றி அமெரிக்கரான எஃப்.எச். கிங் எழுதிய நூலும் அவருக்கு வழிகாட்டியது.

முறை எளிமையானதுதான். காய்ந்த இலை, பயிர்த் தட்டை ஆகியவற்றைப் பரப்பி, அதன்மேல் சாணக் கரைசல், மாட்டு மூத்திரம் ஊறிய மண், கொஞ்சம் மரச்சாம்பல் போட்டு அடுக்கடுக்காகக் குவிக்க வேண்டும். ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டு, இடையிடையே புரட்டிப் போட்டால் சுமார் 3 மாதத்தில் எரு தயார். 1931-ல் வந்த அவர்களுடைய புத்தகத்தால் "இந்தூர் முறை" என்ற பெயர் உலகம் முழுவதும் பரவியது.

1939-ல் பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த சி.என். ஆச்சார்யா இன்னொரு முறையைக் கண்டுபிடித்தார். இது நகரங்களை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. நகரக் குப்பையையும் மலக்கழிவையும் பள்ளத்தில் மாற்றி மாற்றி அடுக்கி மேலே மண் பூசி மூடிவிட வேண்டும். புரட்ட வேண்டாம். நாள் கூடுதலாகும், ஆனால் ஆள் வேலை குறைவு. இதுவே "பெங்களூர் முறை".

1947 டிசம்பரில், நாடு சுதந்திரம் பெற்ற சில மாதங்களிலேயே, டெல்லியில் அகில இந்திய மட்கு உர மாநாடு நடந்தது. யோசனை மீராபென்னுடையது, தலைமை ராஜேந்திர பிரசாத். பிரிவினைக் கலவரத்தின் நடுவிலும் காந்தி இதைப் பற்றித் தன் "ஹரிஜன்" இதழில் எழுதினார். நாட்டின் உணவுப் பஞ்சத்துக்கும் தெருக்குப்பைக்கும் உள்ள தொடர்பை அன்றைய தலைவர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள்.

கல்லுப்பட்டிக்கு வந்த கணக்காளர்

1940-ல் கோ. வெங்கடாசலபதி என்ற காந்தியவாதி டி. கல்லுப்பட்டியில் காந்தி நிகேதன் ஆசிரமத்தைத் தொடங்கினார். கதர், கிராமக் கைத்தொழில், ஆதாரக் கல்வி என்று பணிகள் வளர்ந்தன. 1950களில் இந்த ஆசிரமத்துக்கு ஒரு பெரியவர் வந்து தங்கினார். அவர்தான் ஜே.சி. குமரப்பா.

1892 ஜனவரி 4-ல் தஞ்சாவூரில் பிறந்த குமரப்பா, லண்டனில் பட்டயக் கணக்காளர் ஆனவர். பம்பாயில் தணிக்கை நிறுவனம் நடத்தியவர். அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்தவர். 1929-ல் காந்தியைச் சந்தித்த பிறகு கோட்டு சூட்டை விட்டுக் கதருக்கு மாறினார். 1934-ல் தொடங்கிய அகில இந்திய கிராமத் தொழிற் சங்கத்தை வார்தாவிலிருந்து நடத்தினார். சிறையில் இருந்தபோது எழுதிய "எகானமி ஆஃப் பெர்மனன்ஸ்" 1945-ல் வெளிவந்தது. நிலைத்து நிற்கும் பொருளாதாரம் என்று இதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம்.

குமரப்பா இயற்கையின் செல்வத்தை இரண்டாகப் பிரித்தார். நிலக்கரி, பெட்ரோல் போன்றவை ஒரு தொட்டியில் தேங்கிய தண்ணீர் மாதிரி. எடுக்க எடுக்கக் குறையும். காடும் பயிரும் ஓடும் ஆறு மாதிரி. அளவோடு எடுத்தால் வந்துகொண்டே இருக்கும். மனிதன் தொட்டியை நம்பி வாழக்கூடாது, ஆற்றை நம்பி வாழ வேண்டும் என்பது அவர் கட்சி. ரசாயன உரத்தை அவர் எதிர்த்ததற்கும், கிராமக் கழிவுகளை எருவாக்கச் சொன்னதற்கும் இதுதான் அடிப்படை.

ஒரு கூடைச் சருகை இந்தக் கணக்காளரின் பேரேட்டில் எழுதிப் பார்க்கலாம். எரித்தால் என்ன மிச்சம்? ஒரு பிடி சாம்பல். அதில் சாம்பல் சத்தும் கொஞ்சம் மணிச்சத்தும் இருக்கும். தழைச்சத்து காற்றில் போய்விடும். மண்ணைப் பொலபொலப்பாக வைத்து, மழைத் தண்ணீரைப் பிடித்து வைக்கும் மட்குப் பொருள் முழுவதும் போய்விடும். வரவுப் பக்கத்தில் புகைதான். போன தழைச்சத்தை ஈடுகட்ட யூரியா வாங்க வேண்டும். யூரியா இயற்கை எரிவாயுவிலிருந்து தயாராகிறது. ஆற்றுத் தண்ணீரைச் சாக்கடையில் விட்டுவிட்டுத் தொட்டித் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்குவதற்குச் சமம் இது.

குமரப்பா தன் கடைசிக் காலம் வரை கல்லுப்பட்டியைச் சேர்ந்தவராகவே வாழ்ந்தார். 1960-ல் மதுரையில் மறைந்தார். அந்த நாள் ஜனவரி 30. காந்தி மறைந்த அதே தேதி! அவர் மறைந்த சில ஆண்டுகளிலேயே பசுமைப் புரட்சி வந்தது. ரசாயன உர மூட்டை கிராமத்துக்குள் நுழைந்தது, குப்பைக்குழி கவனிப்பாரற்றுப் போனது.

நகரத்தில் தீ ஏன் நுழைந்தது?

நகரத்து மரமும் கிராமத்து மரமும் ஒரே மாதிரிதான் இலை உதிர்க்கின்றன. வேறுபாடு தூரத்தில்தான் இருக்கிறது. நகர வீட்டில் குழி தோண்ட இடமில்லை, போட வயலும் இல்லை. சருகோ எடை குறைவு, இடம் அதிகம் பிடிக்கும். ஒரு தள்ளுவண்டி நிறையச் சருகு அள்ளினாலும் சில கிலோதான் தேறும். தெருவைப் பெருக்கும் தூய்மைப் பணியாளர் அதைத் தூரத்துக் குப்பைத்தொட்டிக்குப் பல நடை தள்ளிக்கொண்டு போக வேண்டும். அதற்குப் பதில் தெருமுனையில் குவித்து ஒரு தீக்குச்சி வைத்தால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. கொசு போகும் என்று சாயங்காலம் வீட்டுக்காரர்களும் சருகைக் கொளுத்தினார்கள்.

முன்பு பல ஊர்களில் நகரக் குப்பையைப் பக்கத்து விவசாயிகள் எருவுக்காக எடுத்துப் போவது உண்டு. பிளாஸ்டிக் பைகள் பெருகிய பிறகு அதுவும் நின்றது. எருவோடு பாலிதீன் கலந்து வந்தால் எந்த விவசாயி நிலத்தில் கொட்டுவார்? இலைக்குவியலில் பிளாஸ்டிக்கும் சேர்ந்து எரிய ஆரம்பித்தது. ஈரச் சருகு முழுதாக எரியாது. அதன் புகையில் நுண்துகள்களும் கார்பன் மோனாக்சைடும் பென்சோபைரீன் போன்ற புற்றுநோய் தரும் பொருட்களும் உண்டு. பிளாஸ்டிக் சேர்ந்தால் டையாக்சினும் சேரும். அதை முதலில் சுவாசிப்பவர், தீ வைத்த பணியாளர்தான்.

லாஸ் ஏஞ்சல்ஸ் கற்ற பாடம்

தடை போட்டால் மட்டும் போதாது என்பதற்கு அமெரிக்காவே நல்ல உதாரணம். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு கொல்லைப்புறத்தில் குப்பை எரிக்கும் அடுப்பு இருந்தது. 1940களில் நகரத்தைப் புகைமூட்டம் சூழ்ந்தது. கண் எரிச்சலால் மக்கள் தவித்தார்கள். பல வருட வாக்குவாதத்துக்குப் பிறகு 1957 அக்டோபரில் கொல்லை அடுப்புகள் தடை செய்யப்பட்டன.

தீ நின்றதும் நாடெங்கும் இலைகள் பையில் கட்டப்பட்டுக் குப்பை லாரியில் ஏறின. லாரி குப்பைப் பள்ளத்துக்குப் போனது. காற்றில்லாமல் புதைந்த இலை மீத்தேன் வாயுவை வெளியிட்டது, பள்ளங்களும் நிரம்பின. எனவே இரண்டாவது தடை வந்தது. இல்லினாய் மாநிலம் 1990 ஜூலை 1 முதல் தோட்டக்கழிவைப் புதைக்கக் கூடாது என்றது. இன்னும் பல மாநிலங்களும் இதே மாதிரிச் சட்டம் போட்டன. பலன் என்ன தெரியுமா? அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணக்குப்படி 1990-ல் அந்நாட்டின் தோட்டக்கழிவில் 12 சதவீதம்தான் உரமானது. 2000-ல் அது பாதியைத் தாண்டியது!

இரண்டாவது தடை வெற்றி பெற்றதற்குக் காரணம், அதோடு உரக்கூடங்களும் தனி வண்டிகளும் வந்ததுதான். முதல் தடை தீயை மட்டும் அணைத்தது. இரண்டாவது இலைக்கு ஒரு வழியைக் காட்டியது.

இந்தியச் சட்டம் நடந்த பாதை

இந்தியாவில் 1981-ஆம் ஆண்டின் காற்று மாசுத் தடுப்புச் சட்டத்திலேயே, எரிபொருள் அல்லாத பொருட்களை எரிப்பதைத் தடைசெய்ய மாநில அரசுகளுக்கு அதிகாரம் தரப்பட்டது. 1996-ல் அல்மித்ரா படேல் உச்ச நீதிமன்றத்தில் நகரக் குப்பை பற்றிப் பொதுநல வழக்கு தொடர்ந்தார். அதன் விளைவாக வந்த 2000-ஆம் ஆண்டு நகராட்சித் திடக்கழிவு விதிகள், குப்பையையும் காய்ந்த இலைகளையும் எரிக்கக் கூடாது என்று நேரடியாகவே சொல்லின. தோட்டக்கழிவைத் தனியாகச் சேகரிக்கவும் சொல்லின. ஆனால் தெருமுனைத் தீ அணையவில்லை.

2015 ஏப்ரல் 28-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் டெல்லியில் இலை, குப்பை எரித்தால் ரூ.5,000 அபராதம் என்றது. 2016 ஏப்ரலில் புதிய திடக்கழிவு மேலாண்மை விதிகள் வந்தன. வீட்டுத் தோட்டக்கழிவை வீட்டிலேயே தனியாக வைத்து உள்ளாட்சி சொல்கிறபடி அகற்ற வேண்டும். பூங்காக் கழிவை முடிந்தவரை பூங்காவிலேயே உரமாக்க வேண்டும். தெரு பெருக்குவோர் இலையை எரிக்காமல் தனியாகச் சேர்த்துக் கொடுக்கும்படி உள்ளாட்சி அறிவுறுத்த வேண்டும் என்று அந்த விதிகள் கூறின. 2016 டிசம்பர் 22-ல் அல்மித்ரா படேல் வழக்கிலேயே பசுமைத் தீர்ப்பாயம் தடையை நாடு முழுவதற்கும் ஆக்கியது. சாதாரணமாக எரித்தால் ரூ.5,000, மொத்தமாக எரித்தால் ரூ.25,000 அபராதம்.

அந்தத் தீர்ப்புக்குச் சரியாகப் பத்து நாள் முன்பு, டிசம்பர் 12-ல், வர்தா புயல் சென்னையைத் தாக்கியிருந்தது. ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்து, கிளையும் இலையும் தெருத்தெருவாகக் குவிந்து கிடந்தன. எரிக்கக் கூடாது என்று உத்தரவு வந்தபோது, எரிக்காமல் என்ன செய்வது என்ற கேள்வி சென்னைவாசிகளின் வாசலிலேயே கிடந்தது.

தடைக்குப் பிறகு

தமிழ்நாட்டு நகரங்கள் இதற்குச் சில வழிகளைக் கண்டிருக்கின்றன. மதுரை மாநகராட்சியின் குப்பைக் கிடங்கு அவனியாபுரத்தை அடுத்த வெள்ளைக்கல்லில் இருக்கிறது. எல்லாக் குப்பையையும் அங்கேயே கொண்டுபோய்க் கொட்டுவதைக் குறைக்க, வார்டுகளுக்கு அருகில் நுண் உர மையங்கள் அமைக்கப்பட்டன. மக்கும் குப்பை அங்கே தொட்டிகளில் உரமாகிறது. பேரூராட்சிகளில் பழைய குப்பைக் கிடங்குக்குப் பதிலாக வந்த இடத்துக்கு "வளம் மீட்புப் பூங்கா" என்று பெயர். குப்பையை வளம் என்று அழைக்கும் இந்தப் பெயரைக் குமரப்பா கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

ஆனால் பெயர் மாறினால் மட்டும் இலை மக்கிவிடாது. காய்ந்த இலையில் தழைச்சத்து ஒரு பங்கு என்றால் கரிமம் 50 பங்குக்கு மேல் இருக்கும். மக்க வைக்கும் நுண்ணுயிர்களுக்கு 25 முதல் 30 பங்குதான் தோது. அதனால் வெறும் சருகைக் குவித்து வைத்தால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். சாணமோ சமையலறைக் காய்கறிக் கழிவோ சேர்க்க வேண்டும். பிழிந்த துணி அளவுக்கு ஈரம் வேண்டும். சரியாக அமைந்தால் குவியலின் உள்ளே சூடு 55 டிகிரியைத் தாண்டும். களை விதையும் நோய்க்கிருமியும் சாகும். தென்னை மட்டை, கிளை போன்றவற்றை முதலில் இயந்திரத்தில் நறுக்க வேண்டும். இதற்கெல்லாம் இடமும் ஆளும் செலவும் தேவை.

இவை இல்லாத இடத்தில் என்ன நடக்கும்? பகலில் எரிந்தது இரவில் எரியும். தெருவில் எரிந்தது காலிமனையில் எரியும். அல்லது லாரி ஏறிக் கிடங்குக்குப் போய் அங்கே எரியும். 2022 ஏப்ரலில் சென்னை பெருங்குடிக் கிடங்கில் பற்றிய தீ பல நாட்கள் புகைந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. அபராதத்தின் சுமையும் சமமாக விழுவதில்லை. வண்டியும் கொட்ட இடமும் கொடுக்காமல் எரிக்காதே என்று மட்டும் சொன்னால், மாட்டிக்கொள்பவர் கையில் துடைப்பம் வைத்திருக்கும் பணியாளர்தான்.

முடிவுரை

இந்த வரலாற்றைத் தொகுத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. மரத்துக்கும் மண்ணுக்கும் இடையே தூரம் கூடும்போதுதான் தீ நுழைகிறது. கல்லுப்பட்டி மாதிரி ஊரில் அந்தத் தூரம் கொல்லையிலிருந்து காடு வரைதான். மதுரையில் அது வெள்ளைக்கல் வரை நீண்டது. சட்டம் தீயைத் தடுக்கலாம், ஆனால் தூரத்தைக் குறைக்காது. அதைக் குறைக்க, விழுந்த இலை அந்தப் பூங்காவிலேயே, அந்தப் பள்ளி வளாகத்திலேயே, அந்த வார்டிலேயே உரமாக வேண்டும். முடிந்த உரத்தை எடுத்துப் போகப் பக்கத்து விவசாயி முன்வரும் அளவுக்கு அது சுத்தமாக இருக்க வேண்டும்.

கல்லூரி, பள்ளி, அலுவலகம் என்று மரம் உள்ள இடங்களுக்கெல்லாம் இது பெரிய காரியம் அல்ல. வளாகத்தின் மூலையில் நிழலான இடத்தில் ஒரு குழி, சருகோடு சேர்க்கக் கொஞ்சம் சாணம், வாரத்துக்கு இரண்டு முறை தண்ணீர், மாதத்துக்கு ஒருமுறை புரட்டல். இவ்வளவுதான் தேவை. சில மாதத்தில் அதே வளாகத்து மரங்களுக்கு எரு கிடைக்கும். தெருப் பெருக்குபவர் புகையைச் சுவாசிக்க வேண்டியதில்லை. குப்பை என்ற சொல்லும் தன் பழைய பொருளைத் திரும்பப் பெறும்.